விளக்கா? அளவுகோலா?

“அறிவு இருந்தால்தான் மனிதன் என்று பேசினீர்களே, வாத்தியார் தம்பி! அப்படியானால் என் மகன் யார்?”

படிப்பகத்தின் ஆண்டு விழா முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரம். அரை மணி நேரம் முழங்கிவிட்டு, கைதட்டல் தந்த களிப்பு அடங்காமல் நின்றிருந்த நம்மிடம் ஒரு தாய் கேட்ட கேள்வி இது. அவர் முந்தானையின் நுனியைப் பற்றியபடி அருகே நின்றான் மகன். வயது பதினான்கு. பேசுவது பத்திருபது சொற்கள். எண்ணத் தெரியாது, எழுதத் தெரியாது. நம்மைப் பார்த்துச் சிரித்தான்.

நாம் பேசியது என்ன? நம் மேடைகள் பல்லாண்டுகளாகப் பேசி வருவதுதான். மனிதனையும் விலங்கையும் பிரிக்கும் கோடு பகுத்தறிவு. அதனைப் பயன்படுத்தாதவன் மனிதன் எனும் பெயருக்கு உரியவன் அல்லன் என்றோம். அறிவு இருந்தும் அதனை அடகு வைத்துவிட்டவனைக் குறிவைத்தே அம்பை எய்தோம். அது சென்று தைத்த இடமோ, ஒரு தாயின் நெஞ்சு!

“அப்படிச் சொல்லவில்லை, அம்மா” என்று முணுமுணுத்தோம். அவர் போய்விட்டார். கேள்வி போகவில்லை.

அந்தத் தாய்க்கு ஊரார் முன்பே ஒரு பதில் தந்திருக்கின்றனர். “முன்வினை! போன பிறவியில் செய்த பாவம், இந்தப் பிறவியில் பிள்ளையாக வந்து வாய்த்திருக்கிறது!” இந்தப் பதிலை நாம் ஏற்பதில்லை, ஏற்கவும் முடியாது. மூளை வளர்ச்சி தடைப்படக் காரணங்கள் பல. கருவிலே நேரும் மாறுதல் உண்டு. பிறக்கும் வேளையில் மூச்சு முட்டுவது உண்டு. தாயின் உணவில் அயோடின் குறைவது உண்டு. குழந்தைப் பருவத்தில் மூளையைத் தாக்கும் காய்ச்சல் உண்டு. டவுன் நோய்க்குறி எனப்படும் நிலைக்கு, 21ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே காரணம் என்பதைப் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர்கள் 1959இல் உலகுக்கு அறிவித்தனர். அங்கே வினையும் இல்லை, விதியும் இல்லை. உயிரணுவுக்குள் ஓர் இழை மிகுதி, அவ்வளவுதான்!

வினையை விரட்டிவிட்டோம், நன்று. அது அமர்ந்திருந்த நாற்காலியில் எதை அமர்த்தினோம்? பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்கிறோம். அறிவினால் உண்டு என்கிறோமா? ஒருவன் மூளையின் வளர்ச்சி கருவறையிலேயே தடைப்படுகிறது என்றால், அதுவும் பிறப்போடு வந்ததுதானே! அதனை வைத்து மனிதனுக்குத் தரம் பிரித்தால், பழைய வருணத்தை இடித்த கையாலேயே புதிய வருணம் ஒன்றைக் கட்டுகிறவர்கள் ஆகமாட்டோமா?

தோழர்களே, இது வெறும் சொற்சிலம்பம் என்று எண்ணிவிடாதீர்கள். அறிவை அளவுகோலாக்கிச் சட்டம் செய்த நாடு உண்டு. அந்தச் சட்டத்தைச் செய்தவர்கள் புரோகிதர்கள் அல்லர். படித்தவர்கள், பட்டம் பெற்றவர்கள், அறிவியலின் பெயரால் பேசியவர்கள். அந்நாடு அமெரிக்கா. சட்டத்தினாலேயே சறுக்கி விழுந்து, சட்டத்தினாலேயே சிறிது சிறிதாக எழுந்த அந்நாட்டின் கதையிலே நமக்குப் பாடம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘இனமேம்பாட்டு இயல்’ என்றொரு கொள்கை அங்கே செல்வாக்குப் பெற்றது. நல்ல விதையிலே நல்ல பயிர். எனவே அறிவு குறைந்தோர் பிள்ளை பெறலாகாது என்பது அதன் சாரம். 1924இல் வர்ஜீனியா மாநிலம் சட்டம் இயற்றிற்று. அரசு விடுதிகளில் உள்ளவர்களை ‘அறிவு குன்றியோர்’ என முடிவு கட்டினால், அவர்கள் விருப்பத்தைக் கேளாமலேயே கருத்தடை அறுவை செய்யலாம் என்றது அச்சட்டம்.

முதலிலே தேர்ந்தெடுக்கப்பட்டவள் கேரி பக் என்ற ஏழைப் பெண். வளர்த்த வீட்டின் உறவினன் ஒருவன் அவளைக் கெடுத்தான், அவள் கருவுற்றாள். கெடுத்தவன் மீது வழக்கு இல்லை. கெட்டது குடும்பத்தின் பெயர் என்று, அவளை அறிவு குன்றியவள் எனக் கூறி விடுதியில் அடைத்தார்கள். அவளுடைய தாயும் அதே விடுதியில் முன்பே அடைபட்டிருந்தார். பிறந்த குழந்தையை ஏழாம் மாதத்திலே பார்த்துவிட்டு, அதுவும் இயல்பாக இல்லை என்று சாட்சியம் சொன்னார்கள். தாய், மகள், பேத்தி, மூன்று தலைமுறைக்கும் முத்திரை குத்தியாயிற்று!

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சென்றது. 1927ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் தீர்ப்பு. எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ்; அந்நாட்டின் மாபெரும் நீதியறிஞர் என்று கொண்டாடப்பட்டவர். நாடு தன் சிறந்த மக்களிடம் உயிரையே கேட்கிறது. இவர்களிடம் இந்தச் சிறு தியாகத்தைக் கேட்கலாகாதா என்று வாதிட்டார் அவர். எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம். பியர்ஸ் பட்லர் ஒருவர் மட்டும் மறுபக்கம். அந்த ஆண்டு அக்டோபரில் கேரி பக்கின் உடலில் கத்தி வைக்கப்பட்டது.

பின்னர் வெளிவந்த உண்மை என்ன? கேரி பக் அறிவு குன்றியவளே அல்லள். செய்தித்தாள் படிப்பவள், பிறர் வீட்டில் உழைத்துப் பிழைத்தவள். அவளுடைய மகள் பள்ளியிலே சிறந்த மாணவியர் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதிலே நோய்க்கு இரையானாள்.

“ஆகா, தவறான ஆளைப் பிடித்துவிட்டார்களே!” என்று இரங்குகிறோம் அல்லவா? அங்கேதான் நாம் நம்மைப் பிடிக்க வேண்டும். சரியான ஆளைப் பிடித்திருந்தால்? கேரி பக் உண்மையிலேயே அறிவு வளர்ச்சி குறைந்த பெண்ணாக இருந்திருந்தால், அந்தக் கத்தி நீதியாகிவிடுமா? ஆகாது என்று நெஞ்சுரத்தோடு சொல்ல முடியாதவரை, ஹோம்ஸின் தீர்ப்பை நாம் மறுத்தவர்கள் ஆகமாட்டோம். அவர் கணக்கிலே ஒரு பிழை கண்டவர்கள், அவ்வளவே!

அந்தத் தீர்ப்பின் நிழலிலே அமெரிக்காவில் கத்திக்கு உள்ளானோர் 60,000க்கும் மேற்பட்டோர். ஜெர்மனியில் இட்லர் ஆட்சி 1933இல் இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது. ஏறத்தாழ 4,00,000 பேர் மலடாக்கப்பட்டனர். 1939இல் அடுத்த படி. பிள்ளை பெறக் கூடாதவர்கள் உயிர் வாழத்தான் வேண்டுமா என்று கேட்டார்கள். 1941 ஆகஸ்டுக்குள், மனநோயாளிகளும் அறிவு வளர்ச்சி குறைந்தோருமாக 70,000 பேர் நச்சுப்புகை அறைகளில் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் நூரம்பெர்க் விசாரணையில் குற்றவாளிகளின் தரப்பு, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் அந்தத் தீர்ப்பையே எடுத்துக்காட்டியது. அளவுகோலாகத் தொடங்கியது எங்கே போய் முடிந்தது, பாருங்கள்!

“கொல்ல வேண்டாம், வெட்டவும் வேண்டாம்; கருணையோடு தனியிடத்தில் வைத்துக் காப்பாற்றலாமே” என்பர் நல்ல உள்ளம் படைத்தோர். அதையும் செய்து பார்த்தது அந்நாடு. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவிலே 1947இல் வில்லோபுரூக் பள்ளி திறக்கப்பட்டது. பெயர் பள்ளி! 4,000 பேருக்காகக் கட்டிய இடத்திலே 6,000 பேரை அடைத்தார்கள். ஆடையின்றி, அழுக்கிலே, ஆளில்லாக் கூடங்களிலே கிடந்தன குழந்தைகள். அங்கேயே, ஆய்வு என்ற பெயரால், குழந்தைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்து நோயின் போக்கைக் குறித்துக்கொண்டார்கள் மருத்துவர்கள். 1965இல் ராபர்ட் கென்னடி நேரில் பார்த்துப் பதறினார். பாம்புப் புற்று என்றார். அதன் பின்னும் ஏழாண்டு உருண்டோடிற்று. 1972இல் ஜெரால்டோ ரிவேரா என்ற இளம் செய்தியாளர் படக்கருவியோடு உள்ளே நுழைந்தார். நாடே வீட்டுக்கூடத்தில் அமர்ந்து அந்தக் காட்சியைக் கண்டது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 1975இல் நீதிமன்ற ஒப்பந்தம் ஏற்பட்டது. 1987இல் வில்லோபுரூக் மூடப்பட்டது.

கருணையின் பெயரால் கட்டிய இடம் ஏன் இப்படி ஆயிற்று? கருணை, கொடுப்பவனின் மனநிலையைப் பொறுத்தது. மனம் இருந்தால் கொடுப்பான். பணம் குறைந்தால் நிறுத்துவான். கேட்பாரற்ற இடத்தில் மறந்தே போவான். பெறுபவன் கையில் கேட்கும் உரிமை இல்லாதபோது, தருமம் தன்னைத் தானே காவல் காத்துக்கொள்வதில்லை. கோயில் வாசலில் விழும் காசுக்கும் இந்த விடுதியின் சோற்றுக்கும் வேறுபாடு இல்லை.

ஆகவேதான் அந்நாட்டின் பெற்றோர் தருமம் கேட்பதை விட்டனர், உரிமை கேட்டனர். பென்சில்வேனியா மாநிலத்தில், ஐந்து வயதுக் குழந்தையின் அறிவு நிலையை எட்டாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கலாம் என்று சட்டமே இருந்தது. 1971இல் பெற்றோர் சங்கம் வழக்கிட்டது. எந்தக் குழந்தையும் ஏதோ ஒன்றைக் கற்க வல்லது என்று அறிஞர்கள் சான்று கூறினர். சட்டை பொத்தானைப் போடக் கற்பது கல்வி. கரண்டியைப் பிடித்து உண்ணக் கற்பது கல்வி. ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்பது மிகப் பெரிய கல்வி! மாநில அரசு விட்டுக்கொடுத்தது. பள்ளிக் கதவு திறந்தது. 1975 நவம்பர் 29இல் குடியரசுத் தலைவர் ஜெரால்ட் போர்டு கையெழுத்திட்ட சட்டம், நாடு முழுவதும் குறைபாடுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் தக்க கல்வியை இலவசமாக வழங்கும் கடமையை அரசுப் பள்ளிகள் மீது வைத்தது. அதற்கு முன்வரை பள்ளிக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டிருந்த குழந்தைகள் பத்து இலட்சத்துக்கும் மேல்!

ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இந்த இடத்திலே சிறிது நின்று சிந்திக்க வேண்டும். “இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது” என்று நம்மில் எத்தனை பேர், எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! அந்தச் சட்டமோ கேள்வியையே திருப்பிப் போட்டது. இந்தப் பிள்ளை பள்ளிக்கு ஏற்றவனா என்று கேட்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஏற்றதாகப் பள்ளி மாறிற்றா என்று கேட்டது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே கல்வித் திட்டம் எழுதச் சொன்னது. அதைப் பெற்றோரோடு உட்கார்ந்து எழுதச் சொன்னது.

பள்ளிக்குப் பின் வாழ்க்கை? கலிபோர்னியா மாநிலம் 1969இல் இயற்றிய லாண்டர்மன் சட்டம் அதற்கு வழி கண்டது. இன்று 21 வட்டார மையங்கள் அம்மாநிலத்தில் இயங்குகின்றன. தங்குமிடம், பயிற்சி, துணையாள், வேலை எனத் தேவையானவை ஒவ்வொருவருக்கும் தனித்திட்டமாக வகுக்கப்படுகின்றன. பணம் போதவில்லை என்று கூறி அந்தச் சேவைகளை அரசு தன் விருப்பம் போல் வெட்டப் பார்த்தபோது, இது சலுகை அன்று, சட்டம் தந்த உரிமை என்று 1985இல் மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது. சலுகை என்றால் நிறுத்தலாம்; உரிமை என்றால் நிறுத்துபவன் காரணம் சொல்ல வேண்டும்!

1999இல் மற்றொரு மைல்கல். ஜார்ஜியா மாநிலத்திலே லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்ற இரு பெண்கள். அறிவுசார் குறைபாடும் மனநோயும் உடையவர்கள். ஊருக்குள் வாழலாம் என்று மருத்துவர்களே கூறிய பின்னும் மருத்துவமனையிலேயே வைக்கப்பட்டவர்கள். தேவையின்றி ஒருவரை அடைத்து வைப்பதே பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். அரசின் வசதியையும் கணக்கில் கொள்ளலாம் என்று தீர்ப்பிலே வரம்பு வைத்தார்கள். எனவே போராட்டம் முடிந்துவிடவில்லை. ஆயினும் லோயிஸ் கர்ட்டிஸ் வெளியே வந்தார், தமக்கென்று ஒரு வீட்டிலே வாழ்ந்தார், ஓவியம் வரைந்தார். 2011இல் வெள்ளை மாளிகைக்குச் சென்று, தாம் வரைந்த படத்தைக் குடியரசுத் தலைவர் ஒபாமாவிடம் கொடுத்தார்.

“சரி, ஓவியம் வரைந்தாள்; வாழத் தகுதி பெற்றாள். எதையுமே செய்ய இயலாதவன்? பொத்தானும் போட மாட்டாதவன்? அவனுக்காக ஊர்ப் பணத்தைச் செலவிடுவது அறிவுடைமையா?” இப்படி ஒரு தோழர் நம்மிடம் கேட்டார். கேட்கட்டும், கேட்பதுதானே நம் மரபு!

அவருக்கு நம் விடை இது. உரிமை என்பது திறமைக்குத் தரும் பரிசு அன்று. பரிசு என்றால் வென்றவனுக்கு மட்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை பகுத்தறிவதில்லை. அதன் கழுத்தை நெரிக்க யாருக்கும் உரிமை இல்லை. காய்ச்சலில் பிதற்றும்போது நம் அறிவு நம்மிடம் இல்லை. அந்த நேரத்தில் நம் வீட்டைப் பிறன் எழுதி வாங்க முடியாது. முதுமையிலே நினைவு மங்கி, பெற்ற மகனையே “நீ யாரப்பா?” என்று கேட்கும் தந்தை, அந்தக் கணத்தோடு மனிதப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுவதில்லை. அறிவு இருவழியிலும் அரைகுறையாக இருக்கும் பயணம் நம் வாழ்வு. நடுவிலே சில ஆண்டுகள் வெளிச்சம். அந்தச் சில ஆண்டுகளில் நிற்பவன், அதற்கு வெளியே நிற்பவனைப் பார்த்து “நீ யார்?” என்று கேட்பது செருக்கு, அறிவு அன்று.

அப்படியானால் பகுத்தறிவுக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது! வினை என்று சொன்னவனை மறுத்து, காரணத்தைக் கண்டது பகுத்தறிவு. முத்திரை குத்திய சோதனையைச் சோதித்து, அதன் பொய்யைக் கண்டது பகுத்தறிவு. எந்தக் குழந்தை எதனைக் கற்கும், எப்படிக் கற்கும் என்று ஆராய்ந்தது பகுத்தறிவு. அறிவு உடையவனுக்கு அது தந்திருப்பது கடமை. உயர்ந்த சாதி என்ற பட்டயம் அன்று. விளக்கைக் கையில் வைத்திருப்பவன் வழி காட்ட வேண்டும். அந்த விளக்கின் தண்டைக் கொண்டு எதிரே வருபவனின் உயரத்தை அளந்துகொண்டிருந்தால், இருவருமே குழியில் விழுவர்!

கடல் கடந்த கதை போதும். நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1995இல் ஒரு சட்டம் வந்தது. ஆட்டிசம் என்னும் நிலையின் பெயரே அதில் இல்லை. “நாங்கள் கண்மூடிய பின் எங்கள் பிள்ளையை யார் பார்ப்பார்?” என்று பெற்றோர் கேட்ட கேள்விக்கு விடையாக 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை 2007இல் இந்தியா ஏற்றது. அதன் வழியில் 2016இல் பிறந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடைய பிள்ளை, 6 முதல் 18 வயது வரை, அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ தன் விருப்பப்படி இலவசமாகக் கற்கும் உரிமையை அது தருகிறது. காப்பாளர் வைத்தாலும், அவரவர் விருப்பத்தை அறிந்து, அவரோடு சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது.

இடையிலே 2009இல் ஒரு வழக்கு. சண்டிகரிலே அரசு விடுதியில் இருந்த, அறிவு வளர்ச்சி சிறிது குறைந்த அநாதைப் பெண் ஒருத்தி கெடுக்கப்பட்டுக் கருவுற்றாள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அவளோ குழந்தையைப் பெற விரும்பினாள். இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையைத் தள்ளிற்று. அவள் ஒப்புதல் இன்றி அவள் உடல்மீது முடிவெடுக்க முடியாது என்றது. 1927இல் ஒரு பெண். 2009இல் ஒரு பெண். இருவரும் ஏழைகள், இருவரும் கெடுக்கப்பட்டவர்கள், இருவரும் விடுதியில் அடைபட்டவர்கள். அங்கே நீதிமன்றம் அவளை அளந்தது. இங்கே நீதிமன்றம் அவளைக் கேட்டது. இந்த 82 ஆண்டு இடைவெளியில் உலகம் கற்ற பாடம் முழுவதும் அந்த ஒரு சொல்லிலே அடங்கும்: கேட்பது!

சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஏட்டிலிருந்து அதனை இறக்கித் தெருவுக்குக் கொண்டுவருவது யார்? இளைஞர்களே, நாம்தான்! நம் தெருவில், பூட்டிய கதவுக்குப் பின்னே ஒரு பிள்ளை இருக்கக்கூடும். பெற்றோருக்குச் சட்டம் இருப்பதே தெரியாமல் இருக்கக்கூடும். சான்றிதழுக்கு மருத்துவமனைக்கு உடன் செல்வோம். பள்ளி மறுத்தால் சட்டப் பிரிவைச் சுட்டி எழுதுவோம். நம் படிப்பகத்தில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுவோம்.

முதலிலே நம் நாவைத் திருத்திக்கொள்வோம். எதிரியை இகழ வேண்டுமானால் ‘பைத்தியம்’ என்கிறோம். ‘மூளை வளராதவன்’ என்கிறோம். எதிரி சிரித்துக்கொண்டு போய்விடுகிறான். கூட்டத்தின் ஓரத்தில் மகனின் கையைப் பற்றி நிற்கும் தாய்தான் தலை குனிகிறாள். சாதிப் பெயரை வசையாக்குவது இழிவு என்று ஊருக்கு உரைத்தவர்கள் நாம். குறைபாட்டின் பெயரை வசையாக்கலாமா?

மறுவாரம் அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றோம். “அம்மா, அன்று நாம் பேசியது தவறு” என்றோம். அவர் மோர் கொடுத்தார். மகன் திண்ணையில் அமர்ந்து சிரித்தான், அதே சிரிப்பு.

இன்று மாலைகளில் அவன் படிப்பகத்துக்கு வருகிறான். சில நாள் செய்தித்தாள்களை அடுக்கி வைக்கிறான். பல நாள் வெறுமனே உட்கார்ந்திருக்கிறான். அடுக்குவதால் அவன் மனிதன் என்று நாம் எழுதவில்லை. அடுக்காத நாளிலும் அந்த நாற்காலி அவனுடையது.

“என் மகன் யார்?” என்றார் தாய். நம்மில் ஒருவன், அம்மா. இதைச் சொல்ல நமக்கு ஒரு வாரம் ஆயிற்று, அதற்காக வெட்கப்படுகிறோம்.